வாரேன் என்று சொன்ன வியாழக்கிழமைகள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சின்ன வயதிலேயே அம்மா சொல்லுவாள், "இவளைக் கால்ல சக்கரத்தைக் கட்டித்தேன் பெத்திருக்கேன்" என்று. ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடி முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். உபதேசியார் மகள் இப்படியா என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்பா கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் வேதம் சொல்லிக்கொடுத்தவர். நான் பசுமலையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, வேலைக்கு உத்தரவு இன்று வரும் நாளை வரும் என்று தபால்காரரின் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சபைக் கமிட்டியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்திருக்கும் ஒரு அம்மாவுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர் போகிற வீடுகளுக்குக் கூடவே போய் அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் என்றார்கள். ஆறு மாதம்தானே என்று தலையாட்டினேன். எழுபதுகளின் கடைசியில் ஆட்டிய தலை, எண்பதுகள் பிறந்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. மொத்தம் நாலு வருஷம்.

அந்த அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எந்த வீட்டு நிலைப்படியிலும் தலை இடிக்கிற உயரம். வெயில் பட்டால் முகம் தக்காளியாகச் சிவந்துவிடும். ஆனையூரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். சுங்கடிச் சேலை கட்டுவார். எப்படிக் கட்டினாலும் அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொள்ளும். ஊர் அவரைத் துரைசானி என்றது. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அவர் காதில் விழாத இடத்தில் நானும் அப்படியே சொல்லுவேன். நேரில் மட்டும் மேடம்.

வேறெங்கோ ஒரு வருஷம் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார். பெட்டிக்கடையில் போய் நின்று, "ஐயா, எனக்குத் தாகமாயிருக்கிறது, தண்ணீர் தாருங்கள்" என்பார். கடைக்காரர் கோயிலில் நிற்கிற மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சோடாவை உடைப்பார்.

நான் முதலில் திருத்தியது அவர் விடைபெறுவதை. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், கும்பிட்டு, "நான் போகிறேன்" என்பார். வீட்டுக்காரர்கள் திடுக்கிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

"மேடம், வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்லவே கூடாது. அது திரும்பி வராதவங்க சொல்றது. 'போயிட்டு வாரேன்'னு சொல்லணும்" என்றேன்.

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, அதன் அர்த்தத்தை அவருடைய மொழியில் பக்கத்திலேயே எழுதினார்: நான் போகிறேன், மறுபடி வருவேன். அர்த்தம் சரிதான். அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில் என் நாலு வருஷம் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று எனக்கென்ன தெரியும்?

அந்த வாரம் வியாழக்கிழமை வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். ரோட்டில் பஸ் இறக்கிவிட்டுப் போய்விடும். வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடக்க வேண்டும். வடக்கே சிறுமலை நீலமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று துரைசானி சொல்வார். எனக்குச் செருப்புக்குள் ஏறுகிற மண்தான் தெரியும். ஊரின் முதல் வீடு ஒரு சம்சாரி வீடு, விவசாயக் குடும்பம். வாசலில் பெரிய புளியமரம். அந்த வீட்டு அக்கா தண்ணீர் கொடுத்தாள். நாற்பது வயது, நல்ல உழைப்பாளி உடம்பு, அதிகம் பேசாதவள். அவள் வீட்டுக்காரர் வயலில் மோட்டார் ரூமே கதி என்று கிடப்பவர். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தபோது துரைசானி கும்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, "போயிட்டு வாரேன்" என்றார்.

அக்காவின் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. பிறகு, "வாங்க" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் துரைசானி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறார். வேறு ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. கேட்டால், "வாரேன் என்று சொன்னேனே? அவர்களும் வாங்க என்றார்களே?" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மேடம், அது சும்மா சொல்றது. போங்கன்னு சொல்லக்கூடாதுன்னு வாங்கன்னு சொல்றது. யாரும் எதிர்பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாங்க."

"வராவிட்டால் அது பொய் ஆகாதா?"

"பொய் இல்ல. பழக்கம்."

"நீங்கள் சொன்னால் பழக்கம். நான் சொன்னால் பொய்" என்று சொல்லிக் குடையை விரித்துவிட்டார். வாதாடிப் பிரயோஜனம் இல்லை. போனோம். எங்களைப் பார்த்ததும் அக்கா பதறிப்போய்ச் சாணிக் கையோடு ஓடிவந்தாள்.

"என்ன தாயி, எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் போன வாரம் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தாள். அன்றைக்கும் கிளம்பும்போது துரைசானி போயிட்டு வாரேன் என்றார், அவள் வாங்க என்றாள். முடிந்தது கதை. மூன்றாவது வாரமும் எதையும் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா என்றுதான் கேட்டாள். நாலாவது வாரம் கேட்கவில்லை. ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

இப்படியே ஒரு வருஷம், அப்புறம் இன்னொரு வருஷம். மாசி பங்குனியில் புளி உலுக்கிப் போட்டிருப்பார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். சித்திரை போனால் கடலை உடைப்பு. ஒன்றுமில்லாத நாளில் அரிசியில் கல் பொறுக்குவார்கள். துரைசானியும் சேலையைச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்து அவர்களும் முறத்தோடு உட்கார்ந்தார்கள். பேச்சுக்கு நடுவில் இயேசு யார் வீட்டுக்கோ சாப்பிடப் போன ஒரு கதை வரும், அதை நான் தமிழில் சொல்லுவேன். அதற்குள் யாராவது மருமகள் சண்டைக்குத் தாவிவிடுவார்கள். துரைசானி அதையும் அதே அக்கறையோடு கேட்பார். அவர் தமிழ் மாறிக்கொண்டே வந்தது. "இம்புட்டுப் புளியா!" என்பார் ஒரு நாள். "அம்புட்டுத்தேன்" என்பார் மறுநாள். நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் அவர் வாயில் தங்கவில்லை, அந்தப் பெண்கள் பேசியது எல்லாம் ஒட்டிக்கொண்டது.

எனக்கோ உட்கார்ந்த இடத்தில் முள் குத்தும். நாலு மணி பஸ் எப்போது வரும் என்று மூன்று மணியிலிருந்தே பார்ப்பேன். என்னோடு பயிற்சி முடித்த பிள்ளைகள் வேலையில் சேர்ந்து, கல்யாணம் கட்டி, ஒன்று இரண்டு பெற்றும் விட்டார்கள். நான் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கமிட்டியில் மற்ற ஊழியக்காரர்கள் ஜீப்பில் போனது, மைக் செட் கட்டியது, பந்தல் நிரம்பி ரோடு வரை ஜனம் நின்றது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எங்கள் முறை வந்ததும், "உங்க ஊருல எப்படிம்மா, யாராவது தேறுனாங்களா?" என்பார்கள். துரைசானி சந்தோஷமாக, "இந்த மாதம் புளி முடிந்துவிட்டது" என்பார். எனக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று இருக்கும்.

கோபம் உள்ளுக்குள்ளேயே இருந்தால் பரவாயில்லை. மூன்றாவது வருஷம் ஒரு நாள் அது என் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

நல்ல வெயில். துரைசானி அக்காவிடம் ஏதோ சாதாரணமாக, உங்களுக்குச் சாமி கும்பிடும்போது என்ன கேட்கத் தோன்றும் என்று கேட்டார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். அதை மொழிபெயர்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக, "அக்கா, இம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, எப்ப ஞானஸ்நானம் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கையில் இருந்த புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மௌனம் இன்னும் எரிச்சலை மூட்டியது. எழுந்து சேலையை உதறினேன். "சரி, பஸ்ஸு போயிரும். நாங்க போறோம்" என்று சொல்லி விறுவிறுவென்று நடந்துவிட்டேன். பின்னால் துரைசானி வழக்கம்போல நிதானமாக விடைபெற்றுக்கொண்டு வந்தார்.

பஸ் சமயநல்லூர் தாண்டிய பிறகு, "அந்தக் கேள்வி என்னுடையது இல்லை" என்றார் அவருடைய மொழியில். ஞானஸ்நானம் என்ற சொல் அவருக்குத் தெரியாதா என்ன, அதை எப்படி மறந்தேனோ.

"ஆமாம், என்னுடையதுதான்" என்றேன். "யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா? உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பொறுமைசாலி இல்லை. ஒவ்வொரு வருஷமும் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட்டுவிட்டு நான் தூங்குவதில்லை. எனக்கும் அவசரம்தான். ஆனால் வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை" என்றார். அதற்கு முன் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை புளியமரத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டோம்; சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. என் ஒரு கேள்வியால் இரண்டு வருஷத்தைக் குட்டிச்சுவராக்கிவிட்டேன் என்று புரிந்தது. துரைசானி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய்ச் சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன்" என்றார்.

அதற்கடுத்த வாரமும் அதே கதவு, அதே கும்பிடு. ஊர்ப் பெண்களுக்கு நல்ல வேடிக்கை. ஒருத்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்ன தொரசானியம்மா, கதவுக்கு வேதம் சொல்லிக் குடுக்கீகளா?" என்றாள். துரைசானி அவளைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று. இனி வரமாட்டேன் என்று ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் சபதம் எடுத்தேன். ஒவ்வொரு வாரமும் போனேன். என்னால் சாத்திய கதவு என்பதால் போனேன், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஆறாவது வாரம், துரைசானி கதவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புகையில் கதவு படாரென்று திறந்தது.

"ஏந்தாயி, ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இந்த வெயில்ல எதுக்கு இப்படி அலையிறீக?" அக்கா வாசலில் நின்று கத்தினாள். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் இறங்கியது.

"வாரேன்னு சொன்னேன்ல" என்றார் துரைசானி.

நான் முந்திக்கொண்டேன். "அக்கா, என்மேலதான் தப்பு. ஞானஸ்நானம் பத்தி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது என்னமோ கேட்ட, எனக்கு வெளங்கக்கூட இல்ல. நீ போறோம்னுல்ல சொல்லிட்டுப் போன? படிச்ச புள்ள, வெளக்கு வைக்கிற வீட்டுல நின்னுக்கிட்டுப் போறோம்னு சொல்லலாமா?"

நான்தான் அதைச் சொல்லிக்கொடுத்தவள்.

அன்றைக்குத்தான் அவள் மகனைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருஷம் வந்துபோன வீட்டில் அப்படி ஒரு மகன் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் அப்பாவோடு ஏதோ வாய்ச்சண்டை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, "நான் போறேன்" என்று சொல்லிப் போனவன். பம்பாயில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். ஒரு கடிதாசி கிடையாது. அவன் சண்டை போட்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்தான் அவள் நெஞ்சில் கிடந்தது.

"அன்னைக்கு அவன் கோவத்துலயாச்சும் வாரேன்னு சொல்லிட்டுப் போயிருந்தான்னா, வந்திருப்பான் தாயி. அதுக்குப் பெறகு இந்த வீட்டுல யாரும் அந்தச் சொல்லச் சொல்றதில்ல. எங்க வீட்டுக்காரரு வயலுக்குப் போனாக்கூட வாரேன்னுதேன் சொல்லுவாரு. தொரசானியம்மா மொத நாளு வந்து, பச்சப்புள்ள பேசுற மாதிரி போயிட்டு வாரேன்னு சொன்னாக. சொன்னபடி வரவும் செஞ்சாக. வாரேன்னு சொன்னா வந்துருவாக போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ வந்து கெடுத்துட்ட."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. துரைசானிக்கு எவ்வளவு புரிந்ததோ என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். புரிந்திருக்கிறது. பலகையில் உட்காரவில்லை, வெறும் தரையிலேயே அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க தாயி. வரக்கூட வேணாம். வாரேன்னு ஒரு சொல்லு சொல்லச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அந்த வீட்டில் நடந்த முதல் ஜெபம் அதுதான். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாத ஜெபம். "ஆண்டவரே, இந்த அக்கா மகன் போறேன்னு சொல்லிட்டான். சின்னப் புள்ள. தெரியாமச் சொல்லிட்டான். அவன வாரேன்னு சொல்ல வைங்க. அம்புட்டுத்தேன். ஆமென்" என்றார் துரைசானி. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத அந்தத் தமிழை நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வேறு மாதிரி ஆயிற்று. முறத்தோடு வந்த பெண்களில் ஒவ்வொருத்தியும் வீட்டை விட்டுப் போனவர் ஒருவரைச் சொன்னாள். எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷன், கட்டிக்கொடுத்த பிறகு வாசல் மிதிக்க விடாத மகள். குடத்தை வைத்துக்கொண்டு கேலி பேசியவளும் வந்தாள். அவளுக்கு ஒரு தம்பி. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பேர் சொல்லுவார்கள், துரைசானி ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிப்பார். அதைச் சபை என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. சிலுவை இல்லை, பாட்டு இல்லை, யாரும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கமிட்டியில் அடுத்த முறை கேட்டபோது துரைசானி, "ஐந்து பேர் சேர்ந்து காத்திருக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

எனக்கு மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நாலு மணி பஸ்ஸை அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலாவது வருஷம் கோடையில் இரண்டு காகிதம் வந்தன. ஒன்று துரைசானிக்கு. விசாவை இனி நீட்டிக்க முடியாது, மே மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். இன்னொன்று எனக்கு. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, ஜூனில் சேர வேண்டும். அவர் காகிதத்தைப் பார்த்து அழுதேன். என் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டும் ஒரே நாளில். விடுதலை கிடைத்தது என்றுதான் நினைத்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஊருக்கு இனி யார் போவார்கள் என்று துரைசானி கமிட்டியில் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். எங்கள் கமிட்டியில் பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். அது துரைசானிக்கும் அதற்குள் புரிந்திருந்தது. என் பக்கம் திரும்பினார். நான் என் பையின் கொக்கியைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை போனோம். துரைசானியே தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். சர்க்காரில் விடமாட்டேன் என்கிறார்கள், என் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றார். பெண்கள் அழுதார்கள். அக்கா அழவில்லை. பனையோலைக் கொட்டானில் உப்புப் போட்டு அமுக்கிய புளியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஒங்க ஊருல புளி கெடைக்குமா?"

"கிடைக்காது."

"பத்திரமா வச்சுக்கங்க."

மூன்றரை மணி ஆயிற்று. எழுந்தோம். துரைசானி வாசலில் வந்து நின்று, வழக்கம்போலக் கும்பிட்டார். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரேன் என்று அவரால் சொல்ல முடியாது. அவருக்கு அது பொய். போறேன் என்று அந்த வாசலில் நின்று சொல்லவே முடியாது. நாலு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த பாடத்தில் இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இல்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி நிற்கிறார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"போயிட்டு வாரேங்க்கா" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "யாரு?"

"நான்தேன்."

அந்த 'தேன்' என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் அம்மா அப்படிப் பேசினாலே திருத்துகிறவள் நான். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு, "வாங்க" என்றாள். துரைசானி ஒன்றும் சொல்லாமலே படியிறங்கினார். வாய்க்கால் கரை முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். எனக்குக் கை வியர்த்தது, விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து மதுரை ஜங்ஷனில் அவரை ரயிலேற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஒரு நிமிஷம் உட்கார முடியாது. எனக்குப் பிடித்த வேலை. இருந்தும் மனம் ஒரு நிலையில் இல்லை. அது சும்மா சொன்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை, பழக்கம். யாரும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். துரைசானிக்கு நான் எடுத்த பாடம்தான். நானே படித்து நானே ஒப்பித்துப் பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம் போவதில்லை என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன்.

"சேர்ந்து நாலு நாள்கூட ஆகல, அதுக்குள்ள அரை நாள் லீவா? வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல டீச்சர். ஒரு வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண் தேறாது என்று நினைத்திருப்பார். என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பின்னால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம், அது வேறு விஷயம். அந்த முதல் வாரத்தை மாற்ற முடியாது.

வாய்க்கால் கரையில் தனியாக நடந்தேன். கூட யாரும் பேசாததால் சிறுமலை அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"என்னத்தா, எதையும் விட்டுட்டுப் போயிட்டியா?"

கேலி செய்கிறாள் என்று சிரிக்கப் போனேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண் கலங்கியிருந்தது.

"இல்லக்கா. வாரேன்னு சொன்னேன்ல."

அவள் எழுந்து உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்து போட்டாள். கீரையை ஆய்ந்து முடித்தோம். கையைத் துடைத்துக்கொண்டு அவள் மகன் பேரை மட்டும் சொன்னாள். மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. நாலு வருஷம் இன்னொருத்தர் பேசியதைப் பேசியே பழகிய வாய். எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை. கண்ணை மூடி, தட்டுத்தடுமாறி, துரைசானி சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். ஆண்டவரே, இந்த அக்கா மகன்.

நடுவில் பழக்கதோஷம் விடவில்லை, ஒரு கண்ணைத் திறந்தேன். அக்கா கண்ணை மூடவே இல்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.